மாடியில் காய்ந்த மண்ணும் ஜெசிந்தா மேடமும்

ஞாயிற்றுக்கிழமை காலை, கோழிக்கடையில் என் முறைக்காக நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் கத்தியைத் தீட்டியபடியே யாரையோ போனில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஆண்டனி கூப்பிட்டார். ஆண்டனி, எங்கள் ஜெசிந்தா மேடத்தின் தம்பி. “வள்ளியக்கா, அக்கா போயிட்டாங்க” என்றார். விடியற்காலையில் நெஞ்சுவலி வந்ததாகவும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை என்னோடு ஒரு பெரிய சண்டை போட்டுவிட்டு, “திங்கக்கெழம வா, ஒன்னைய வச்சுக்கிறேன்” என்று ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு போனவர் அவர். சண்டையை முடிக்காமல் இப்படிப் போகலாமா? கோழி வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். வாசல் கதவை உதைத்துத் திறந்தேன் என்று என் கணவர் பிறகு சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல் ஊரை ஒட்டி நாங்கள் வேலை பார்க்கும் கல்லூரியில் ஒரு மண் பரிசோதனைக் கூடம் உண்டு. சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் நிலத்து மண்ணை அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். மண்ணில் உப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. அந்த மண்ணுக்குள் வாழ்கிற பாக்டீரியாக்களைப் பார்ப்பது ஜெசிந்தா மேரி மேடத்தின் வேலை. இருவருக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டி நாங்கள் போட்ட சண்டைகள் கல்லூரி முழுக்கப் பிரசித்தம்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்று எழுதுவது வழக்கம். அப்படி நான் எழுதினால் அவரே எழுந்துவந்து என் பேனாவைப் பிடுங்கி உடைத்துவிடுவார். அவர் கோபக்காரர். கை நீட்டுகிற கோபக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் மீன்குழம்புத் தூக்குச்சட்டியை ஜன்னல் வழியாக வீசி எறிந்தார். அவருடைய பாக்டீரியாத் தட்டுகள் இருக்கிற ஃபிரிட்ஜில் நான் குழம்பை வைத்துவிட்டேன், அதுதான் காரணம். குழம்பு கீழே நின்ற கல்லூரி முதல்வரின் காரில் வழிந்தது. நான் பதிலுக்கு அவருடைய குடையை உடைத்தேன். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பமானது.

அவர் தெற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிலக்கடலை பயிரிடுகிற குடும்பத்தில் பிறந்தவர். மேல்படிப்பெல்லாம் முடித்தும் பேச்சில் ஊர் வாடை போகவே இல்லை. மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரவுடிகள் கதை கேட்பது போல் இருக்கும். ஒருமுறை ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்த விவசாயிகளிடம் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“மண்ணுக்குள்ள அமைதிங்கிறதே கெடையாதுய்யா. ஒரு கைப்பிடி மண்ணுக்குள்ள எந்நேரமும் வெட்டுக்குத்துதான். ஒருத்தன் இன்னொருத்தனுக்கு விசம் வப்பான், கொன்னு திம்பான். எந்தக் கூட்டம் செயிக்கும்கிறத அவிங்க முடிவு பண்றதில்ல. தண்ணி முடிவு பண்ணும், சூடு முடிவு பண்ணும், உப்பும் காத்தும் முடிவு பண்ணும்.”

அதுதான் அவருடைய படிப்பு முழுவதும். மழைத்தண்ணீர் வடியாமல் நின்றால் காற்றை நம்பி வாழ்கிற பாக்டீரியாக்கள் மூச்சுமுட்டிச் சாகும், காற்று வேண்டாதவை பெருகும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணீர் தொடர்ந்து பாய்ந்தால் உப்பைத் தாங்குகிறவை மட்டும் மிஞ்சும். மண் சுடச்சுடக் காய்ந்தால் தடித்த ஓட்டுக்குள் சுருண்டு தூங்கத் தெரிந்தவை தவிர மற்றவை பெரும்பாலும் செத்துப்போகும். ஒரே நிலம்தான், மேட்டில் ஒரு கூட்டம், பள்ளத்தில் வேறொரு கூட்டம். இதை விளக்கும்போது மேசையை அவர் குத்துகிற குத்தில் என் பக்கத்துச் சோதனைக் குழாய்கள் கிடுகிடுவென்று ஆடும்.

உயிர் உரம் விற்கிற ஒருவரை அவர் அடித்த கதையும் உண்டு. பயிருக்கு நல்லது செய்கிற பாக்டீரியாவை பாக்கெட்டில் போட்டு விற்பதுதான் உயிர் உரம். அந்த ஆள் பாக்கெட்டுகளைத் தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில் அடுக்கி வைத்திருந்தார். மேடம் ஒரு பாக்கெட்டை வாங்கிவந்து சோதித்தார், உள்ளே ஒன்றுகூட உயிரோடு இல்லை. மறுநாள் கடைக்கே போய், “பொணத்த விக்கிறியாலே” என்று அந்தப் பாக்கெட்டாலேயே அவர் முகத்தில் சாத்தினார். போலீஸ் வந்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டது. வெயிலும் வறட்சியும் மண்ணுயிரை என்ன செய்யும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் கூடத்தில் யாரும் இல்லை. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கிராமம். தங்கவேல், முருகேசன் என்று அண்ணன் தம்பி இருவர். அப்பா விட்டுப்போன நிலத்தைப் பிரித்துக்கொண்டதில் மேட்டுப் பக்கம் அண்ணனுக்கும் பள்ளத்துப் பக்கம் தம்பிக்கும் வந்தது. முருகேசன் நட்ட தக்காளி காய்ப்புக்கு வருகிற நேரத்தில் பச்சையாகவே தலை தொங்கிச் செத்தது. அடுத்து கத்திரி போட்டார், அதுவும் போயிற்று. அதற்கடுத்து மிளகாய் வைத்தார், அதுவும் சரிந்தது. மேட்டு வயலில் அண்ணனின் மக்காச்சோளம் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. அண்ணன்தான் களைக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து பள்ளத்து வயலுக்குள் விட்டுவிட்டார் என்று முருகேசன் முடிவு கட்டினார். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, தென்னங்கன்றுகளை வெட்டிச் சாய்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஊரார் கூடி, மண்ணைப் பரிசோதனைக்குக் கொடு, என்ன வருகிறதோ அதை ஏற்றுக்கொள்வோம் என்றார்கள்.

முருகேசன் ஒரு பை நிறைய மண் கொண்டுவந்தார். என் பக்கம் களைக்கொல்லி பார்க்கிற வசதி இல்லை, அதனால் மேடத்திடம் அனுப்பினேன். அவர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, தட்டுகளில் ஊற்றி வளர வைத்துப் பார்த்தார். நல்ல மண் என்றால் தட்டு முழுவதும் புள்ளி புள்ளியாக பாக்டீரியாக் கூட்டங்கள் மொய்க்கும். இதில் இங்கொன்றும் அங்கொன்றும்தான் இருந்தது. மண்ணுயிர்களில் பெரும்பகுதி அழிந்திருக்கிறது, காரணம் அறிய மேலும் ஆய்வு தேவை என்று எழுதிக் கொடுத்தார்.

முருகேசன் அதை வாங்கிக்கொண்டு, மருந்து விட்டால் இப்படி ஆகுமா என்று கேட்டார். அன்றைக்கு மேடத்துக்குத் தலைக்குமேல் வேலை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஆகலாம்” என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை தங்கவேல் தன் வயலில் வாய்க்கால் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது முருகேசன் அரிவாளோடு போனார். கழுத்துக்கு வந்த வெட்டைத் தங்கவேல் வலது கையால் தடுத்தார். கை மணிக்கட்டுக்கு மேலே தொங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் அதை எடுத்தே விட்டார்கள். முருகேசனை போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. ஊரில் பாதிப் பேர், மண்ணைக் கொன்றவனுக்குக் கை போனது சரிதான் என்று பேசினார்கள்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது முருகேசனின் மனைவி வந்தபோதுதான். வக்கீல் கேட்கிறார், அந்த ரிப்போர்ட் இன்னொன்று வேண்டும் என்று வந்து நின்றார். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல மேடத்தின் முகம் வெளுத்துப்போனது. மண்ணை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சொன்னார்.

“எப்பவும் போலத்தான் மேடம். மாடியில தகரத்துல போட்டு நாலஞ்சு நாளு நல்லா காயவச்சுத்தான் கொண்டாந்தோம்.”

அவர்கள் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்து உப்புச் சோதனைக்குக் காய்ந்த மண்தான் வேண்டும், நிழலில் காயவைக்கச் சொல்வோம். ஈர மண்ணைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, ஜனங்கள் சுள்ளென்ற வெயிலில் போட்டு எடுத்துவருவார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பரிசோதனை மண் என்றாலே மாடியில் காய்ந்த மண்தான். பாக்டீரியா பார்க்க வேண்டுமென்றால் ஈரத்தோடு, சூடு படாமல் வர வேண்டும். அதைக் கேட்டிருக்க வேண்டியவர் மேடம். தகரக் கொட்டகைக்காரரை அடித்தவர், தகரத்தில் காய்ந்த மண்ணைக் கேள்வி கேட்காமல் வாங்கிவிட்டார். அந்தப் பெண் போனதும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். நான் கையைப் பிடித்தேன், என்னையும் தள்ளிவிட்டார்.

அன்றைக்கே அந்த வயலுக்குப் போனோம். மேடம் தாமே பள்ளத்து மண்ணையும் மேட்டு மண்ணையும் தோண்டி, ஈரத்தோடு பனிக்கட்டிப் பெட்டியில் எடுத்துவந்தார். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தார். பாதியை அப்படியே சோதித்தார், பாதியை எங்கள் மாடியில் தகரத்தில் காயவைத்துச் சோதித்தார். காய்ந்த மண் எல்லாம் முருகேசனின் தட்டு போலவே வெறிச்சென்று இருந்தது, அண்ணனின் மண்ணும்தான். ஈர மண்ணில் உயிர் கொப்பளித்தது. பள்ளத்து மண்ணில் மட்டும் வாடல் நோயைக் கொண்டுவருகிற பாக்டீரியா ஏராளமாக இருந்தது. கீழ்ப்பக்கத்து நிலத்தை யாரோ வீட்டுமனை போட மண்ணடித்து உயர்த்தியிருந்தார்கள். அதன்பிறகு முருகேசன் வயலில் தண்ணீர் வடிய வழியில்லை. சூடும் ஈரமும் அந்தப் பாக்டீரியாவுக்குத் தோதாகிவிட்டன. தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றும் அதற்குப் பிடித்த தீனி. களைக்கொல்லிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் எங்கள் மேலதிகாரி ஒருவர், மேலும் ஆய்வு தேவை என்று எழுதியிருக்கிறோமே, அது போதும், இதைக் கிளறாதீர்கள் என்றார். மேடம் அவர் மேசைமேல் பதித்திருந்த கண்ணாடியை ஒரே குத்தில் உடைத்துவிட்டு, கையில் ரத்தத்தோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

அவர் தன் தவறைச் சொன்னதும் தங்கவேலின் மனைவி சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வீசினார். அது மேடத்தின் நெற்றியில் பட்டு, ரசம் முழுவதும் சேலையில் கொட்டியது. மேடம் துடைக்கக்கூட இல்லை. தங்கவேல் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“எங்கிட்ட வந்து சொல்லி என்னத்துக்கு? கை போனது போனதுதான். ஊருல என்னைய மண்ணுக்கு விசம் வச்சவன்ங்கிறாங்க. எம்மகளை எவன் வந்து கேப்பான்? அங்க வந்து சொல்லுங்க, எந்தம்பி காது கேக்கச் சொல்லுங்க.”

மேடம் சரி என்றார். முருகேசன் ஜாமீனில் ஊருக்கு வரும்வரை காத்திருந்தார். போக வேண்டாம், அந்த ஆள் அரிவாளைத் தூக்குகிறவர் என்று நான் எவ்வளவோ சொன்னேன். போலீசைக் கூட்டிக்கொண்டாவது போங்கள் என்றேன். “போலீசோட போயி மன்னிப்புக் கேக்குறதா? பேசாம வாடி” என்றார். அப்போது நான் எழுதவே கூசுகிற ஒரு வசவையும் சேர்த்துச் சொன்னார்.

ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூட்டம் கூடியது. தங்கவேல் ஒரு பக்கம், முருகேசன் எதிர்ப்பக்கம். சிறையில் கணவர் இருந்தபோது முருகேசனின் மனைவி மறுபடியும் தக்காளி நட்டிருந்தார், அதுவும் வாட ஆரம்பித்திருந்தது. மேடம் அதில் ஒரு செடியைப் பிடுங்கிவரச் சொன்னார். டீக்கடையில் கண்ணாடி டம்ளர் வாங்கி, நல்ல தண்ணீர் ஊற்றினார். தண்டைக் கத்தியால் வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, பாலைப் போல, நூல்நூலாக ஏதோ கீழே இறங்கியது. கூட்டம் முன்னால் நெருக்கியது.

“இதுதான் ஒங்க செடியக் கொன்னது. விசத்துல செத்த செடியில இப்படி வராது. இது மண்ணுல இருக்குற கிருமி, தண்ணி நின்னதால பெருகிப்போச்சு. தங்கவேலு எந்த மருந்தும் விடல. நான் குடுத்த ரிப்போர்ட் ஒங்க வயலைப் பத்தினது இல்ல, ஒங்க மாடியைப் பத்தினது. கேக்காம வாங்குனது நானு. ஆகலாம்னு சொன்னதும் நானு. என் வாயாலதான் இவரு கை போச்சு.”

முருகேசன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப எதுக்குடி நான் எங்கண்ணன வெட்டுனேன்?” என்று அலறிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கி மேடத்தின் தோளில் இறக்கினான். இந்த இடத்தில் எனக்கு மரியாதை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி திரும்பி, இரும்பின் பின்பக்கம் பட்டது. அதனால்தான் அவர் பிழைத்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் செருப்பைக் கழற்றி அவன் முகத்தில் மாறி மாறி அடித்தேன். ஊரார் அவன்மேல் விழுந்து மிதித்தார்கள். மேடம் புழுதியில் கிடந்தபடி கத்தியதோ வேறொன்றுக்காக.

“டம்ளரக் கவுத்துறாதீங்கப்பா. எல்லாரும் பாத்துட்டுப் போங்க.”

அன்று மாலைக்குள் ஊரே வரிசையாக வந்து அந்த டம்ளரைப் பார்த்தது. தங்கவேல் விஷம் வைத்தவர் என்ற பேச்சு அத்தோடு நின்றது. அவர் மகளுக்கு நெய்க்காரப்பட்டியில் சம்பந்தம் கூடி, கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

மேடம் முருகேசனை விட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே புகார் கொடுத்தார். ஆனால் அண்ணனை வெட்டிய வழக்கில், முருகேசன் தரப்புக்காகவே கூண்டில் ஏறித் தன் தவறைச் சொன்னார். உங்கள் ஒரு வார்த்தையால்தானே ஒரு கை போயிற்று என்று வக்கீல் எகத்தாளமாகக் கேட்டதற்கு, ஆமாம் என்றார். இதென்ன இரண்டு பக்கமும் நிற்கிறீர்கள் என்று நான் வெளியே வந்து கத்தினேன்.

“அடிச்சதுக்கு அவன் உள்ள போகணும். அவன நம்ப வச்சதுக்கு நான் கூண்டுல ஏறணும். ரெண்டையும் போட்டுக் குழப்பாத” என்றார்.

முருகேசன் தண்டனையை அனுபவித்துவிட்டு வெளியே வந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால்கூடப் பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டோம். மேடம் அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். அவருடைய இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. உயரத்தில் இருக்கிற பாட்டிலை எடுக்க என்னைக் கூப்பிடுவார், எடுப்பதற்குள் மந்தமே, சோம்பேறியே என்று நாலு வசவு விழும். மண் கொண்டுவருகிறவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எங்கே காயவைத்தாய் என்று அதட்டுவார். ஆகலாம் என்ற சொல்லை அதன்பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. தெரியவில்லை என்றால் தெரியாது என்பார், அதையும் கோபமாகத்தான் சொல்வார்.

திங்கட்கிழமை மாலை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஜெபம் முடிந்து, ஒவ்வொருவராகப் பெட்டியின்மேல் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். தங்கவேல் வந்திருந்தார், இடது கையால் மண் அள்ளிப் போட்டார். அப்போது வாசல் பக்கம் கூச்சல் கேட்டது. முருகேசன் வந்து நின்றிருந்தார். ஆண்டனி அவர் சட்டையைப் பிடித்து, என் அக்கா தோளை உடைத்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று உலுக்கிக்கொண்டிருந்தார். முருகேசன் கையைத் தூக்கவில்லை. வெளியேயும் போகவில்லை.

தங்கவேல் குழியருகிலிருந்து விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். விலக்கிவிடப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆண்டனியை ஒதுக்கிவிட்டு, தம்பியின் கன்னத்தில் இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். அந்தச் சத்தத்தில் ஜெபப்புத்தகத்தை மூடிக்கொண்டிருந்த ஃபாதர் திரும்பிப் பார்த்தார். முருகேசனின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தங்கவேல் மூச்சு வாங்கியபடி அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

“வந்தவன் ஏன்டா வாசல்ல நிக்குற? வா. வந்து மண்ணப் போடு.”

அப்படியே இழுத்துக்கொண்டு குழிவரை வந்தார். முருகேசன் குனிந்து இரண்டு கையாலும் மண் அள்ளினார். அவர் போட்டு முடிக்கும்வரை அண்ணன் காலரை விடவில்லை.

ஜெசிந்தா மேடம், நீங்கள் கூண்டில் ஏறியும் நடக்காதது உங்கள் குழியருகில் நடந்தது. அவர்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள், நான் என் கண்ணால் பார்த்தேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.